லக்சரி என்று சொல்லும் முன்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற நமது உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் பேச்சாளன் இல்லைங்க. பி.காம் படித்துவிட்டு, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவன். செயலாளர் கூப்பிட்டு, "போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தையால் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது, அதைப் பற்றி இருபது நிமிடம் பொதுவாகப் பேசுங்கள், யாரையும் குத்திப் பேச வேண்டாம்" என்றார். யாரையும் குத்தப் போவதில்லை. அந்த வார்த்தையை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். வார்த்தை "லக்சரி".

நடந்தது எல்லோருக்கும் தெரியும். கார்பஸ் நிதியில் இருந்து செய்யலாம் என்று மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, முன்வாசலில் கிரானைட் பதித்து, விளக்கு போட்டு, பெயர் எழுதிய அலங்கார வளைவு. இரண்டு, லிஃப்டுக்கு ஜெனரேட்டர். மூன்று, காவலாளிக்கும் சுத்தம் செய்ய வரும் பெண்களுக்கும் தரைத்தளத்தில் ஒரு கழிப்பறை, காவலாளி அறையில் ஒரு மின்விசிறி. வளைவைப் பற்றி, "நம்ம அபார்ட்மென்ட்டுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா" என்று எழுதினார்கள். ஜெனரேட்டருக்கு, "அதெல்லாம் லக்சரி, படியேறினால் உடம்புக்கு நல்லது" என்று ஒரு பதில். கழிப்பறைக்கும் மின்விசிறிக்கும் அதே சொல்: லக்சரி. வளைவை மட்டும் யாரும் அந்தச் சொல்லால் அழைக்கவில்லை. அது ஏன் என்றுதான் நான் யோசித்தேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லக்சரி என்பது லத்தீன் மொழியில் இருந்து வந்த சொல். அங்கே அதற்கு அளவு மீறியது என்று பொருள். ஆங்கிலத்தில் நுழைந்த காலத்தில் அது காமத்தைக் குறிக்கும் வசைச் சொல்லாகவே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல மரியாதை கூடி, இன்றைக்கு வீட்டுமனை விளம்பரப் பலகையில் பெருமையாக உட்கார்ந்திருக்கிறது. நம் பேருந்துகளில் எழுதியிருக்கிற டீலக்ஸ் என்பதும் இதே குடும்பம்தான். பிரெஞ்சில் "சொகுசானது" என்று அர்த்தம். சாப்பாட்டுக் கடையில் ஒரு அப்பளமும் ஒரு ஸ்வீட்டும் கூடினால் டீலக்ஸ் மீல்ஸ் ஆகிவிடுகிறது.

தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லை, இரண்டு இருக்கின்றன. ஒன்று ஆடம்பரம். இது சமஸ்கிருதச் சொல். அந்த மொழியில் ஆடம்பரம் என்பது ஒருவகை முரசுக்கும் அதன் பேரோசைக்கும் பெயர். நாலு பேருக்குக் கேட்கும்படி கொட்டுவது. இன்னொன்று சொகுசு. தெலுங்கில் சொகசு என்றால் அழகு, நேர்த்தி. நம்மிடம் வந்த பிறகு அது உடம்புக்கு இதமாக இருப்பதைக் குறிக்கிறது. மெத்தை சொகுசாக இருக்கிறது என்கிறோம். மெத்தை ஆடம்பரமாக இருக்கிறது என்று சொன்னால் அதன் அர்த்தமே வேறு. ஆடம்பரமாகக் கல்யாணம் செய்தார் என்கிறோம். சொகுசாகக் கல்யாணம் செய்தார் என்று யாரும் சொல்வதில்லை.

ஆக, சொகுசு என்பது அனுபவிக்கிறவர் உடம்பைப் பற்றியது. ஆடம்பரம் என்பது பார்க்கிறவர் கண்ணைப் பற்றியது. நம் பாட்டிமார்கள் இந்த வித்தியாசம் தெரிந்துதான் பேசினார்கள். "பவுசு காட்டறான்", "ஜம்பம் அடிக்கிறான்" என்றால் அது ஆடம்பரக் கணக்கு. "சொகுசு கண்டுட்டான்" என்றால் அது உடம்புக் கணக்கு. நாம் லக்சரி என்ற ஒரே சொல்லில் இரண்டையும் கொட்டிக் கலக்கிவிட்டோம். அதனால்தான் மின்விசிறியும் லக்சரி, தங்கமுலாம் பூசிய குழாயும் லக்சரி.

கல்லூரியில் எங்களுக்குப் பொருளாதாரம் எடுத்த பேராசிரியர் கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவார். அத்தியாவசியம், வசதி, ஆடம்பரம். சோறு முதல் கட்டம், நாற்காலி இரண்டாவது, வைரம் மூன்றாவது. தேர்வுக்கு அது போதும். ஆனால் அதே பாடத்தில் ஆல்ஃபிரட் மார்ஷல் சொன்ன இன்னொரு வகையும் உண்டு: வழக்கத்தால் அத்தியாவசியமானவை. உயிர் வாழ அவை வேண்டாம். ஆனால் ஊர் வழக்கப்படி அவை இல்லாமல் இருக்க முடியாது.

இதை அவருக்கும் முன்பே, 1776ல், ஆடம் ஸ்மித் ஒரு சட்டையை வைத்து விளக்கினார். லினன் சட்டை உயிர் வாழத் தேவையில்லை. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் அது இல்லாமலே நன்றாக வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில், மானமுள்ள ஒரு கூலித் தொழிலாளி அந்தச் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவார். அதனால் சட்டை அத்தியாவசியம்தான் என்பது அவர் வாதம். பட்டினி கிடப்பதை மட்டும் இல்லாமை என்று எண்ணக்கூடாது, தலைகுனிந்து நிற்க வைப்பதும் இல்லாமைதான் என்கிறார். திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அந்தச் சட்டைக்குப் பதில் பனியன் என்று வைத்துக்கொண்டால் உடனே விளங்கும். பனியனுக்கு மறுபடியும் வருகிறேன்.

கட்டங்களுக்கு நடுவே உள்ள கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1980களின் நடுப்பகுதி வரைக்கும் வீட்டில் ரேடியோ வைக்கத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டினோம். இங்கே இருக்கிற பெரியவர்கள் அந்தச் சிறு புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். தொலைபேசிக்கு எழுதி வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். இன்றைக்கு கைபேசி இல்லாவிட்டால் ஓடிபி வராது. ஓடிபி வராவிட்டால் பல வேலைகள் நடக்காது. கைபேசியை நாம் ஆசைப்பட்டு அத்தியாவசியம் ஆக்கவில்லை. எல்லோரிடமும் இருக்கும் என்று நினைத்து உலகமே தன் வேலைகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. இல்லாதவர் வெளியே நிற்க வேண்டியதாகிவிட்டது.

நம் மாநில அரசே 2006ல் ஆட்சிக்கு வந்தவர்கள் காலத்தில் இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011ல் வந்தவர்கள் காலத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் கொடுத்தது. கொடுத்தது சரியா தவறா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கைகளுக்கு கிரைண்டர் ஆடம்பரமா என்று அந்தக் கைகளிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வங்கியில் ஒரு சம்பவம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அம்மிணி வாஷிங் மெஷின் வாங்கக் கடன் கேட்டு வந்தார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "கூலிக்குப் போற வீட்டுக்கு எதுக்கு இந்த சொகுசு" என்றார். அந்த அம்மிணி திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து அஞ்சு பேர் துணியைத் துவைக்கறது நானுங்க. நீங்க உங்க துணியைத் துவைக்கறீங்களா?" பெரியவர் பதில் சொல்லவில்லை. என் உத்தியோக காலத்தில் கேட்ட மிகச் சிறந்த பொருளாதாரக் கேள்வி அதுதான்.

கணக்குக்கு இன்னொரு விஷயம். 1857ல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து ஒரு விதி சொன்னார்: வருமானம் கூடக் கூட, மொத்தச் செலவில் சாப்பாட்டின் பங்கு குறையும். நம் நாட்டிலும் அப்படியே. குடும்பச் செலவு பற்றிய மத்திய அரசின் கணக்கெடுப்பில், 1999-2000ல் கிராமத்துக் குடும்பங்கள் செலவில் சுமார் 59 சதவீதத்தை உணவுக்குக் கொடுத்தன. 2022-23ல் அது சுமார் 46 சதவீதம். நகரங்களில் 48ல் இருந்து 39 ஆனது. சாப்பாட்டில் மிஞ்சிய அந்தப் பணம் பள்ளிக்கூடம், மருந்து, வண்டி, கைபேசி, துணிமணி என்று போகிறது. இதைப் பார்த்து ஜனங்கள் ஆடம்பரமாகிவிட்டார்கள் என்று சொல்வதா, வயிற்றுக்கு அடுத்த தேவைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று சொல்வதா?

கோடு எதிர்ப்பக்கமும் நகரும். அதற்கு நம் காங்கேயத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. இரண்டு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்து விவசாயிக்கு ஒரு ஜோடி எருது இல்லாவிட்டால் கிணற்றில் கவலை ஓடாது, காட்டில் ஏர் ஓடாது, சந்தைக்கு வண்டி போகாது. கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளர்ந்த மாடு அது. பாளையக்கோட்டை பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணி வளர்த்தது வரலாறு. பிறகு பம்புசெட் வந்தது, டிராக்டர் வந்தது. எருதுக்கு வேலை போயிற்று. இன்றைக்கு கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு நல்ல காங்கேயம் காளைக்குச் சொல்லும் விலையைக் கேட்டால், வேலைக்காக யாரும் வாங்கவில்லை என்பது புரியும். இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், பெருமைக்காக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம் தாத்தாவின் அத்தியாவசியம் பேரனின் கௌரவச் சின்னம் ஆகிவிட்டது. அதேபோல், தேங்காய் எண்ணெய் ஆலைகள் நிறைந்த இதே ஊரில், மரச்செக்கு எண்ணெய் என்று எழுதி ஒட்டினால் விலை கூடுகிறது. களியும் கம்மங்கூழும் பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் பரிமாறப்படுகின்றன.

பொருளை மட்டும் பார்த்து இது லக்சரி, இது இல்லை என்று சொல்ல முடியாது என்பதற்கு இதெல்லாம் போதும். அப்படியென்றால் அரசாங்கம் எப்படிச் சொல்கிறது? வரி போட வேண்டுமே, அதற்கு ஒரு வரையறை வேண்டுமே.

நம் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலின் 62ஆவது இனம் ஆடம்பரங்களின் மீது வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்தது. தமிழ்நாட்டில் 1981ல் தங்கும் விடுதிகளுக்குச் சொகுசு வரிச் சட்டம் வந்தது. சில மாநிலங்கள் இந்த அதிகாரத்தை வைத்து புகையிலைப் பொருள்களின் மேலும் வரி போட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. காட்ஃப்ரே பிலிப்ஸ் வழக்கு என்பார்கள். 2005 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது. 62ஆவது இனத்தில் ஆடம்பரம் என்பது பொருளைக் குறிக்காது. சமுதாயத்தின் சராசரி மனிதருக்குத் தேவையானதைத் தாண்டிய, செலவு பிடித்த ஒன்றை அனுபவிக்கும் செயலைத்தான் குறிக்கும் என்றது. அந்தப் பொருள் வரிகள் செல்லாமல் போயின. நாம் இன்று பேசுவதற்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பொருந்தும். ஆடம்பரம் பொருளில் இல்லை, அனுபவிப்பதில் இருக்கிறது. அளவுகோல் சராசரி மனிதர்.

2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தது. விடுதிகளின் சொகுசு வரி அதற்குள் போனது. 28 சதவீத அடுக்கை ஆடம்பரப் பொருள் அடுக்கு என்று பொதுவாகச் சொன்னார்கள். அந்த அடுக்கில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது சரி. வீடு கட்டுகிற சிமெண்டும் இருந்தது. பெண்களின் மாதவிடாய் நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டிருந்தார்கள். ஒரு வருடம் பெண்கள் கேள்வி கேட்ட பிறகு 2018 ஜூலையில் அது வரி இல்லாததாயிற்று. ஏசிக்கும் சிமெண்டுக்கும் 2025 செப்டம்பர் 22ல்தான் 28ல் இருந்து 18 ஆனது. அதே நாளில் 40 சதவீதம் என்று ஒரு புதிய அடுக்கு வந்தது. அதில் பெரிய கார்கள் வருகின்றன. பெட்ரோல் கார் என்றால் இன்ஜின் 1200 சிசிக்கு உள்ளே, நீளம் 4 மீட்டருக்கு உள்ளே இருந்தால் 18 சதவீதம். தாண்டினால் 40. நம் பார்க்கிங்கில் டேப் வைத்து அளந்தால் யார் ஆடம்பரம், யார் சாதாரணம் என்று தெரிந்துவிடும்!

வருமான வரித் துறையும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற கைக்கடிகாரம், கைப்பை, குளிர்க் கண்ணாடி, காலணி, கலைப் பொருள், ஹோம் தியேட்டர், பந்தயக் குதிரை இவற்றை விற்பவர் 1 சதவீதம் வசூலித்துக் கட்ட வேண்டும். அது நம்மில் யாரையும் தொடாது என்று நினைக்கிறேன். தொட்டால் சந்தோஷம், கார்பஸ் நிதிக்குக் கொஞ்சம் கொடுங்கள்.

சிரித்தது போதும். இனி கொஞ்சம் கனமான விஷயம்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழமொழி: அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான். ஆடம்பரத்தைக் கிண்டல் செய்ய இதைத்தான் எடுப்போம். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அரசன் குடை பிடித்தால் அது வெண்கொற்றக் குடை. அவன் அதை வெயிலுக்காகவா பிடித்தான்? அவனை யாரும் சிரிக்கவில்லை. புதிதாக வாழ்வு வந்தவன் பிடித்தால்தான் சிரிப்பு. பழமொழியில் தப்பு குடையில் இல்லை, ராத்திரியில்கூட இல்லை. பிடித்த கையில் இருக்கிறது.

இது வெறும் கிண்டலாக மட்டும் இருந்ததில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்கள் மேல் வன்முறை நடந்தது.

பனியனைக் கவனியுங்கள். 1920களில் திருப்பூரில் பனியன் தொழில் தொடங்கியாயிற்று. நம் பகுதிக்கே சோறு போடப் போகிற அந்தப் பனியன், இதே தமிழ்நாட்டில் இன்னொரு மூலையில் ஒரு கூட்டத்துக்கு "உனக்கு எதுக்கு இது" என்று மறுக்கப்பட்டது. பித்தளைச் சொம்பும் செருப்பும் சிலருக்குத் தேவை, சிலருக்கு அதிகப்பிரசங்கித்தனம் என்று முடிவு செய்தது யார்? அவற்றை ஏற்கெனவே வைத்திருந்தவர்கள்.

அதெல்லாம் பழைய காலம் என்று தள்ளிவிட வேண்டாம். துணிக்கடைகளில் விற்பனைக்கு நிற்கும் பெண்கள் காலை முதல் ராத்திரி வரை உட்காராமல் நிற்பதைத் தீபாவளிக்குத் தீபாவளி பார்த்துக்கொண்டே நாம் சேலை எடுத்தோம். அவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது எப்போது தெரியுமா? 2021ல். சட்டம் 1947ஆம் வருடத்தியது. கேரளத்தில் நமக்கு முன்பே 2018ல் வந்துவிட்டது. எங்கள் பேராசிரியர் நாற்காலியை "வசதி" என்ற நடுக் கட்டத்தில் எழுதினார். கால் வீங்கி நின்றவருக்கு அது எந்தக் கட்டம் என்று அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் ஆடம்பரம் என்று ஒன்றே இல்லையா? இருக்கிறது. 1899ல் தோர்ஸ்டைன் வெப்லென் என்ற அமெரிக்கர் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பணக்காரர்கள் சில பொருள்களை வாங்குவது பயன்படுத்த இல்லை, செலவழிக்க முடிகிறது என்று காட்டத்தான் என்றார். நாம் திருப்பூர் காதர்பேட்டையில் இதை நேரிலேயே பார்க்கலாம். ஏற்றுமதியில் மிஞ்சிய டி-சர்ட் குவியலாகக் கிடக்கும். அதே துணி, அதே தையல். முத்திரை இருந்தால் வெளிநாட்டுக் கடையில் ஒரு விலை. முத்திரை வெட்டப்பட்டால் காதர்பேட்டையில் வேறு விலை. நடுவில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு பார்க்கிறவர் கண்ணுக்காகக் கொடுப்பது.

வங்கியில் இருந்தவன் என்ற முறையில் இதன் கஷ்டத்தையும் பார்த்திருக்கிறேன். நகைக்கடன் வாங்கி மஞ்சளோ தென்னையோ வைத்தவர் பெரும்பாலும் மீட்டுக்கொண்டு போனார். சீர் குறைந்தால் சம்பந்தி என்ன நினைப்பார், மண்டபம் சின்னதாக இருந்தால் பங்காளி என்ன சொல்வார் என்று கடன் வாங்கியவர்கள்தான் வட்டி கட்டத் தவணை கேட்டு நின்றார்கள். அவர்களில் யாரும் அந்தச் செலவை லக்சரி என்று சொல்லவில்லை. "முறை" என்றார்கள், "கௌரவம்" என்றார்கள். நமக்குப் பிடித்த ஆடம்பரத்துக்கு நாம் எப்போதும் வேறு பெயர் வைத்துவிடுகிறோம். வளைவுக்கு "அடையாளம்" என்று வைத்த மாதிரி.

இப்போது நம் மூன்று யோசனைகளுக்கு வருகிறேன். லக்சரி என்று எழுதும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் கேள்வி: இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன கஷ்டம்? இரண்டாவது: இதை லக்சரி என்று சொல்கிற எனக்கு இது ஏற்கெனவே இருக்கிறதா? மூன்றாவது: யாருமே பார்க்க மாட்டார்கள் என்றால் அப்போதும் இதைச் செய்வோமா?

லிஃப்ட் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தினால் காலை ஒன்பது மணிக்குப் போய் சாயங்காலம்தான் வருகிறது. நான்காவது மாடியில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு அம்மா இருக்கிறார். அன்றைக்கு அவர் இறங்க முடியாது. டாக்டரிடம் போக வேண்டுமென்றால் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி வர வேண்டும். முதல் மாடியில் இருக்கிறவருக்குப் படியேறுவது உடற்பயிற்சி. அந்த அம்மாவுக்கு அது சிறை. இன்னொன்றும் சொல்கிறேன், நாம் யாரும் வயது குறைந்துகொண்டு போகவில்லை.

கழிப்பறை. சுத்தம் செய்ய வரும் பெண்கள் காலை ஏழு மணிக்கு வந்து மதியம் இரண்டுக்குப் போகிறார்கள். நம் எல்லோர் வீட்டுக் கழிப்பறையையும் பொது இடத்தையும் கழுவுகிறார்கள். அவர்கள் போக ஓர் இடம் இல்லை. என் வீட்டுக்காரம்மா விசாரித்ததில், வேலைக்கு வரும் நாளில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம் என்றார்களாம். இதைக் கேட்ட பிறகு எனக்கு லக்சரி என்ற சொல் வாயில் வரவில்லை. நம் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கழிப்பறை இருக்கிறது. உச்ச நீதிமன்றம் சொன்ன சராசரி மனிதர் என்பவருக்குள் அந்தப் பெண்களும் உண்டுதானே?

காவலாளி அறை மின்விசிறி. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு மணி நேரம். நம் காரும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க அவர் முழித்திருக்க வேண்டும். வேறு விளக்கம் தேவையில்லை.

வளைவு. நல்லாத்தான் இருக்கும். எனக்கும் பிடிக்கும். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆசைப்படுவதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் மூன்றாவது கேள்வியைக் கேட்டால், யாரும் பார்க்காத இடத்தில் அந்த வளைவைக் கட்ட மாட்டோம். அது முரசு. அதை ஆடம்பரம் என்று பெயர் சொல்லியே, ஆசைப்படுகிறவர்கள் தனியாக நன்கொடை போட்டுக் கட்டலாம். கார்பஸ் நிதியில் கை வைக்க வேண்டாம்.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், பழக்க தோஷம். ஜெனரேட்டர் வந்தால் பராமரிப்புக் கட்டணம் கூடும், அதற்கு ஜிஎஸ்டி வேறு வரும் என்று ஒருவர் பயந்திருந்தார். உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை வசூலிக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. 2018 ஜனவரியில் 5,000ல் இருந்து இதை உயர்த்தினார்கள். நாம் கட்டுவது அதற்கு வெகு கீழே. டீசல் செலவைப் பொருளாளர் வீடு ஒன்றுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால், நாம் மாதம் ஒரு தடவை வெளியே போய்ச் சாப்பிடும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

லக்சரி என்ற சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. நல்ல சொல்தான். கடைக்குப் போகும்போது, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும்போது, கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் அது சிக்கனம். அடுத்தவர் தேவையைப் பார்த்துச் சொல்லும்போதுதான் அது அதிகாரம் ஆகிவிடுகிறது.

வருகிற பொதுக்குழுவில் இந்த மூன்றும் ஓட்டுக்கு வருகின்றன. மூன்றையும் ஒன்றாகக் கட்டி "லக்சரி செலவு" என்ற தலைப்பில் வைக்காமல், தனித்தனியாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுக்கு முன்னால் நான்காவது மாடி அம்மாவையும், சுத்தம் செய்யும் பெண்களில் ஒருவரையும், காவலாளியையும் ஐந்து ஐந்து நிமிடம் பேசச் சொல்லிக் கேட்போம். அவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம்.

 டீ ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.